ஆக்ஸ்ஃபோர்டு நாட்குறிப்பு: முதல் டெர்ம்

அக்டோபர் 9, வியாழன்

“யுனிவர்சிட்டியைக் காட்டுடா” என்றார் அப்பா வீடியோ காலில். எதைக் காட்டுவது? ஒரு கேட், ஒரு போர்டு என்று எதுவும் கிடையாது. ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. இடம் கொடுப்பது, ரூம், சாப்பாடு, டியூட்டர் எல்லாம் அவரவர் சேர்ந்த காலேஜ் பொறுப்பு. லெக்சர், தேர்வு, பட்டம் யுனிவர்சிட்டி கையில். விளக்கி முடிப்பதற்குள், “சரி சரி, சாப்பிட்டியா?” என்றுவிட்டார்.

அக்டோபர் 18, சனி

மெட்ரிகுலேஷன், அதாவது யுனிவர்சிட்டியில் முறைப்படி சேர்த்துக்கொள்ளும் விழா. கறுப்பு கோட், வெள்ளைச் சட்டை, மேலே கவுன். கவுன் என்றால் பட்டமளிப்பு விழாவில் பார்ப்பது மாதிரி அல்ல; இடுப்பைத் தாண்டாது, கையும் இல்லை, தோளிலிருந்து இரண்டு பட்டை மட்டும் தொங்கும். தொப்பியைக் காசு கொடுத்து வாங்கியாச்சு, ஆனால் பட்டம் வாங்கும்வரை தலையில் வைக்கக் கூடாது என்கிறார்கள் சீனியர்கள். யுனிவர்சிட்டியின் விழா மண்டபமான ஷெல்டோனியன் தியேட்டரில் லத்தீனில் கொஞ்சம் பேசினார்கள். அவ்வளவுதான், யுனிவர்சிட்டி மாணவன் ஆகிவிட்டேன்.

அக்டோபர் 23, வியாழன்

டியூட்டோரியல். டியூட்டர், நான், இன்னொரு பையன், ஒரு சோபா. ஒரு மணி நேரம் ஓடி ஒளிய இடமில்லை. தலைப்பு 1640களில் இங்கிலாந்தில் ராஜாவுக்கும் பார்லிமென்டுக்கும் நடந்த உள்நாட்டுப் போர். “மக்கள் பார்லிமென்ட் பக்கம் நின்றார்கள்” என்று அந்தப் பையன் தன் கட்டுரையில் எழுதியிருந்தான். டியூட்டர் அவனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, “ஒத்துக்கொள்கிறீர்களா?” என்றார்.

எந்த ஊர் மக்கள் என்று இழுத்தேன். அதைப் பிடித்துக்கொண்டார். இந்த ஊரையே பாருங்கள் என்றார். 1642 முதல் 1646 வரை முதலாம் சார்லஸ் மன்னருக்கு இதுதான் தலைநகர். அவர் தங்கியது கிரைஸ்ட் சர்ச் காலேஜில், ராணி மெர்ட்டன் காலேஜில். காலேஜ்களின் வெள்ளிப் பாத்திரங்கள் உருகிப் படைக்குச் சம்பளக் காசாயின. யுனிவர்சிட்டி ராஜா பக்கம். ஊர்க்காரர்களில் பலருக்கு மனசு பார்லிமென்ட் பக்கம். அப்படியானால் ‘மக்கள்’ யார்? மீதி நேரம் முழுக்க அந்த ஒரு வரிதான்.

மார்க்கா? போடவில்லை. நம்ம ஊரில் அட்டெண்டன்ஸும் இன்டர்னலும் நம்மை விரட்டும். இங்கே லெக்சருக்குப் போனாயா என்றுகூட யாரும் கேட்கவில்லை. ஆனால் படிக்காமல் அந்த சோபாவில் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

நவம்பர் 2, ஞாயிறு

வால்டன் தெரு பக்கம் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டம். ஜி.யு. போப் இங்கேதான் இருக்கிறார். 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தவர், இங்கே தமிழும் தெலுங்கும் கற்பித்தவர். ‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’ என்று கல்லில் இருப்பதாகப் பள்ளியில் கேட்டது. அப்படி ஒரு வரி இல்லை. குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் வைத்த கல் என்றுதான் இருக்கிறது. எனக்கென்னவோ இதுதான் பெரிய மரியாதையாகப் படுகிறது.

நவம்பர் 12, புதன்

ஐந்தாம் வாரம். எல்லோர் முகமும் வாடிக் கிடக்கிறது, இதற்கு இங்கே தனிப் பெயரே உண்டு. யுனிவர்சிட்டியின் போட்லியன் நூலகத்தில் கேட்ட புத்தகம் ஸ்விண்டன் ஊரிலுள்ள அவர்கள் கிடங்கிலிருந்து வந்துவிட்டது; ஆனால் அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். 1645இல் சார்லஸ் மன்னருக்கே இரவல் தர மறுத்தவர்கள், எனக்கா தருவார்கள்? நாளைக்குக் கட்டுரை, புத்தகத்தில் பாதிகூடத் தாண்டவில்லை. எட்டு வார டெர்மைப் பத்து வாரமாக்கினால் என்ன குடிமுழுகிவிடும்?