மழைக்கு முன்னால் மெஸ்கீட் மாவு: டூசானில் எங்கள் கோடை

அரிசோனாவின் டூசான் நகரில் ஓய்வுக்காலத்தைக் கழிக்கிறோம் என்றால், குளிர்காலத்தின் இதமான வெயிலைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். எங்களுக்குப் பிடித்த மாதம் ஜூன். வடக்கின் பனிக்குத் தப்பி வந்து தங்கும் முதியவர்கள் ஏப்ரலிலேயே ஊர் திரும்பிவிடுவார்கள். வெயில் 40 டிகிரியைத் தாண்டும். தெருவில் மிஞ்சுகிற நாலைந்து வீட்டுக்காரர்கள் விடியலுக்கு முன்பே எழுந்து, ஒன்பது மணிக்குள் வெளிவேலையை முடித்துக்கொண்டு கதவைச் சாத்திவிடுவோம். அந்த அதிகாலைகளில்தான் அக்கம்பக்கத்தாரோடு உண்மையான பழக்கம் ஏற்பட்டது. மெஸ்கீட் நெற்று முற்றுவதும் அதே நேரத்தில்தான்.

மெஸ்கீட் இந்தச் சொனோரா பாலைவனத்தின் சொந்த மரம். நம் ஊர்ச் சீமைக் கருவேலத்துக்கு நெருங்கிய உறவு. என் கணவர் ராமநாதபுரத்துக்காரர். வேலிக்கருவையை வெட்டியும் அதன் முள்ளை மிதித்தும் வளர்ந்தவர். "ஆடு தின்கிற நெற்றை நாம் சாப்பிடுவதா?" என்று முதலில் முகம் சுளித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த அந்த மரம் கண்மாய்களையும் தரிசுகளையும் பிடித்துக்கொண்டு, நீதிமன்றமே அகற்றச் சொல்லும் அளவுக்குப் போய்விட்டது. இங்கே கதை வேறு. இந்தப் பாலைவனத்தின் பழங்குடிகளான தொஹோனோ ஓதாம் மக்கள் பல தலைமுறைகளாக இந்த நெற்றை இடித்து உண்டு வாழ்ந்திருக்கிறார்கள். நடைபாதைகளில் போகும்போது பாறையில் உரல் மாதிரிக் குழி விழுந்த இடங்களைக் காட்டுவார்கள். நெற்றும் விதையும் இடித்து இடித்து ஏற்பட்ட குழிகள் அவை.

எந்த மரத்தில் பறிப்பது என்பதில்தான் முக்கால்வாசி வெற்றி இருக்கிறது. ஒவ்வொரு மரத்தின் நெற்றுக்கும் ஒவ்வொரு சுவை. ஒன்றில் தேன் போல் இனிப்பு, அடுத்ததில் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு, இன்னொன்றில் சுண்ணாம்பு மென்றது போன்ற வறட்சி. நகரத்தில் நிழலுக்காக நட்ட முள்ளில்லாத மரங்களில் பெரும்பாலானவை தென் அமெரிக்கக் கலப்பினங்கள். பார்க்க அழகாக இருந்தாலும் நாங்கள் சுவைத்தவற்றில் தேறியது மிகச் சில. உள்ளூர் வெல்வெட் மெஸ்கீட்தான் எங்கள் தேர்வு. ஒரு நெற்றை ஒடித்து, விதையைக் கடிக்காமல் சதையை மட்டும் மென்று பார்ப்போம். முதலில் இனித்து, கடைசியில் தொண்டையில் கசப்போ எரிச்சலோ தங்கினால் அந்த மரத்தை விட்டுவிடுவோம். தேறிய மரங்களை என் கணவர் தெரு வாரியாகக் கையால் வரைந்த படத்தில் குறித்து வைத்திருக்கிறார். அந்த மரங்கள் பெரும்பாலும் அண்டை வீட்டாருடையவை, கேட்டுவிட்டுத்தான் பறிக்கிறோம். வண்டிப் புகை படியும் பெருஞ்சாலை ஓரமும், களைக்கொல்லி தெளிக்கும் சந்துகளும் எங்கள் படத்தில் இல்லை.

முற்றிய நெற்று வைக்கோல் நிறத்தில் இருக்கும், சிலவற்றில் செவ்வரி ஓடும். கை பட்டதும் காம்பிலிருந்து கழன்று வர வேண்டும். இழுத்துப் பிடுங்க வேண்டியிருந்தால் இன்னும் நாள் இருக்கிறது என்று பொருள். உயரக் கொப்புகளுக்கு அவர் ஒரு துரட்டி செய்திருக்கிறார். கொப்பை வளைத்துப் பிடிக்க மட்டும்தான் அது, அறுக்க அல்ல. மரத்தடியில் கால் வைக்குமுன் டார்ச் அடித்துப் பார்த்தே ஆக வேண்டும். கோடை இரவுகளில் கிலுகிலுப்பைப் பாம்புகள் நடமாடும். விடியும்போது அவை இன்னும் நிழல் தேடி ஒதுங்கியிருக்காது.

தரையில் கிடப்பதை நாங்கள் தொடுவதே இல்லை. அது ஹவலீனாக்களின் பங்கு. காட்டுப்பன்றி போலத் தோன்றும் அவை இரவில் குட்டிகளோடு வந்து கடகடவென்று மென்றுவிட்டுப் போகும். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். நிலக்கடலையில் நாம் அஞ்சும் அதே அஃப்ளாடாக்சின் நச்சு ஈரம் பட்ட மெஸ்கீட் நெற்றிலும் உண்டாகலாம். மண்ணில் இருக்கும் பூஞ்சை மழைக்குப் பிறகு பெருகும். பார்த்தாலோ முகர்ந்தாலோ தெரியாது. ஆகவே பருவமழைக்கு முன்பே மரத்திலிருந்து பறித்து, காயவைத்து, அரைத்துவிடுவதுதான் சரியான முறை. வானிலை அலுவலகக் கணக்கில் பருவமழைக் காலம் ஜூன் 15இல் தொடங்குகிறது. நல்ல மழை பெரும்பாலும் ஜூலையில்தான் வரும். நமக்குக் கிடைப்பது அந்த இடைவெளி மட்டுமே. மழைக்குப் பின் சில மரங்கள் இரண்டாவது முறை காய்க்கும். அதை அப்படியே விலங்குகளுக்கு விட்டுவிடுகிறோம்.

காயவைப்பது இந்த ஊரில் ஒரு வேலையே இல்லை. பழைய வெள்ளை வேட்டியை விரித்துப் பரப்பினால் போதும். ஒடித்தால் 'டக்'கென்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னொரு வெயில் வேண்டும். நெற்றில் குண்டூசித் தலை அளவு துளைகள் இருந்தால் பயப்பட வேண்டாம். பயற்றில் விழுகிற வண்டின் இனம்தான், வெளியேறிய வழி அது. உள்ளே மிச்சம் இருப்பவற்றுக்காக ஃப்ரீசரில் சில நாள் வைத்து எடுத்து மறுபடி உலர்த்துகிறேன். கரும்பூஞ்சை படிந்ததை மட்டும் பொறுக்கி எறிகிறேன்.

அரைப்பதை வீட்டு மிக்ஸியில் செய்து பார்த்தோம். சிறிதளவுக்குச் சரிப்படும். சதை நொறுங்கி மாவாகும், ஆனால் விதையைச் சுற்றியுள்ள ஓடு மரக்கட்டை போல நிற்கும். கொஞ்சம் கூடுதலாக ஓட்டினால் சூட்டில் சர்க்கரையும் விதையின் பிசினும் சேர்ந்து ஜாரின் சுவரில் அப்பிக்கொள்ளும். விட்டு விட்டு ஓட்டி, சல்லடையில் சலித்து, மிஞ்சும் கப்பியைத் தண்ணீரில் மெல்லிய தீயில் காய்ச்சி வடிகட்டினால் இனிப்பான கஷாயம் கிடைக்கிறது. எங்கள் வீட்டில் இப்போது மாலைத் தேநீருக்குப் பதில் அதுதான்.

வாளிக் கணக்கில் இருந்தால் பொது அரைவை நாளுக்குத்தான் போக வேண்டும். டெசர்ட் ஹார்வெஸ்டர்ஸ் என்ற டூசான் அமைப்பு, இழுவை வண்டியில் பொருத்திய, சுழலும் சுத்தியல்களால் நொறுக்கி அரைக்கும் ஹேமர் மில்லைக் கொண்டுவந்து மக்களின் நெற்றை அரைத்துக் கொடுக்கிறது. முன்பு இலையுதிர் காலத்தில் நடந்த அரைவையை நச்சு பற்றிய அக்கறையால் மழைக்கு முன்னால் கொண்டுவந்திருக்கிறார்கள். இந்தப் பொறுப்புணர்வு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வரிசையில் நிற்கும்போதே ஒருவர் வாளியில் கைவிட்டு, கல், மண், பூஞ்சை பார்ப்பார். பிறகு மில் இரையத் தொடங்கும். விதையோடு சேர்த்துத் தூளாக்கிவிடும் என்பதால் விதையின் புரதமும் மாவில் வந்துவிடுகிறது. ஐந்து கேலன் வாளிக்கு எங்களுக்கு ஏறக்குறைய ஒரு கேலன் மாவு கிடைத்தது. இளம் பழுப்பு நிறம். கருப்பட்டியும் வறுத்த கேழ்வரகும் கலந்த வாசனை. பை இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே முன்னால் நின்றவர் தன் மாவை நீட்டி, என்னுடையதை ஒரு சிட்டிகை வாங்கிப் போட்டுக்கொண்டார். எந்தத் தெரு மரம் என்று கேட்டார். என் கணவர் தன் படத்தை எடுத்து விரித்தார். அதைச் சுற்றிக் கூடிய கூட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த நண்பர்கள் இப்போது வீட்டுக்கு வருகிறார்கள்.

அந்த அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிராட் லங்காஸ்டர், தன் தெருவின் கல்வரம்பை வெட்டி, சாலையில் வீணாக ஓடும் மழைநீரை மரக்குழிக்குத் திருப்பியவர். ஆண்டுக்கு ஏறக்குறைய 280 மில்லிமீட்டர் மழை பெறும் ஊரில் அது பெரிய காரியம். மெஸ்கீட்டின் வேர் எவ்வளவு ஆழம் போகும் என்பதற்கு இந்த வட்டாரத்துச் சுரங்கம் ஒன்றில் 50 மீட்டருக்கும் கீழே கண்டெடுத்த வேர் சான்று. அப்படிப்பட்ட மரமே தோற்றது. நகரத்துக்குத் தெற்கே, சான் சேவியர் அருகில் சாந்தா குரூஸ் ஆற்றங்கரையில் இருந்த பெரும் மெஸ்கீட் காடு, விறகு வெட்டாலும் நிலத்தடி நீர் இறங்கியதாலும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அழிந்துபோனது. அதை அறிந்த பிறகு, எங்கள் வீட்டுக் கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் ஒரு வெல்வெட் மெஸ்கீட் கன்று வைத்தோம்.

சமையலில் இதுவரை தேறியவை: மூன்று பங்கு கோதுமை மாவுக்கு ஒரு பங்கு மெஸ்கீட் சேர்த்த தோசை, கேழ்வரகோடு சேர்த்த கொழுக்கட்டை. கொழுக்கட்டைக்கு வெல்லம் பாதி போதும். தோசைக்கல் சூட்டைக் குறைத்தே வைக்க வேண்டும். இயற்கைச் சர்க்கரை அதிகம் என்பதால் சட்டென்று கருகும். மாவு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கட்டிப்படும், ஆகவே மழை தொடங்கியதும் மொத்தத்தையும் ஃப்ரீசருக்கு மாற்றிவிட்டேன். அடைக்கு அளவு இன்னும் பிடிபடவில்லை. பருப்போடு சேரும்போது இனிப்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. அடுத்த முறை மிளகாயைக் கூட்டி, மெஸ்கீட்டை எட்டில் ஒரு பங்காகக் குறைத்துப் பார்க்கப் போகிறேன்.