பல்க் சுருள் தீர்ந்தது: ஃபிலிம் கழுவும் கணக்கு

கேமரா ரோல்களாக நாமே வெட்டிச் சுற்றிக்கொள்ளும் 30.5 மீட்டர் ஃபோமா 400 கறுப்பு-வெள்ளை ஃபிலிம் சுருள் ஒருவழியாகத் தீர்ந்தது. 18 ரோல் தேறியது. அத்தனையும் வீட்டில் கலந்த டி-76 என்ற டெவலப்பரில் (படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல்) கழுவியவை. ஒரு ரோல்கூட வெளுத்தோ கறுத்தோ போகவில்லை என்பதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம், அதுவும் சென்னை வெயிலில். அடுத்த சுருளுக்குப் பணம் கட்டும் முன் இந்தப் பொழுதுபோக்கு எவ்வளவு விழுங்குகிறது, பதிலுக்கு என்ன தருகிறது என்று ஒரு கணக்கு.

சுருள் 7,600 ரூபாய். ரோலுக்கு 422. ஒரு பிரேமுக்கு 38 மில்லிமீட்டர், முன்வாலும் பின்வாலும் சேர்த்தால் 36 பிரேமுக்கு 1.65 மீட்டர் போகும். ஆனால் 36ஐ நம்பக் கூடாது. லோடருக்குள் (சுருளிலிருந்து ஃபிலிமைக் கேசட்டில் ஏற்றும் இருட்டுப் பெட்டி) சுருளின் நுனியைக் கேசட்டில், அதாவது கேமராவுக்குள் போகும் ஃபிலிம் டப்பியில், ஒட்டும்போது அந்தத் துண்டு வெளிச்சம் பார்த்துவிடுகிறது. கடைசி இரண்டு பிரேம் கறுப்புதான். ஆக 34. டெவலப்பர் 15 ரூபாய், ஹைப்போ (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்) 10 ரூபாய் என்று சேர்த்தால் ரோல் 450, பிரேம் 13 ரூபாய்ச் சொச்சம். இதே ஃபிலிமை ஒற்றை ரோலாக 700க்கு வாங்கி, லேபில் கழுவி ஸ்கேன் செய்ய இன்னொரு 450 கொடுத்தால் பிரேம் 32 ரூபாய். ரோலுக்கு 700 மிச்சம், 18 ரோலுக்கு 12,600.

கேட்க நன்றாக இருக்கிறது. இப்போது மறுபக்கம்: ஃபிலிம் கழுவும் டேங்க் 3,200, பல்க் லோடர் 4,000, சேஞ்சிங் பேக் (கையை உள்ளே விட்டு வேலை செய்யும் இருட்டுப் பை) 1,500, நெகட்டிவை டிஜிட்டல் கேமராவால் படம் பிடிக்க லைட் பேட் 1,200, தெர்மாமீட்டர், 0.01 கிராம் காட்டும் பாக்கெட் தராசு, அளவுக் குடுவை, பாட்டில்கள் எல்லாம் சேர்ந்து 1,200. மொத்தம் 11,100. மிஞ்சியது 1,500. அதையும் அலமாரியில் கிடக்கும் கெமிக்கல் தின்றுவிட்டது. முதல் சுருள் முடியும்போது லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

அதிலும் ஒரு ஓட்டை உண்டு. பிரேம் 32 ரூபாய் என்றிருந்தால் யாரும் இந்தக் காலத்துக்குள் 18 ரோல் எடுக்கப் போவதில்லை, பாதிகூட எடுக்க மாட்டோம். விலை குறைந்ததும் கை தாராளமாகிவிடுகிறது. மாதச் செலவு அங்கேயே நிற்கிறது, படங்களின் எண்ணிக்கைதான் ஏறுகிறது. எனவே பல்க் லோடர் வாங்குவதற்கு 'காசு மிச்சம்' என்று வீட்டில் காரணம் சொல்லாதீர்கள், மாட்டிக்கொள்வீர்கள்.

கேசட்டுக்கு மட்டும் காசு கொடுக்க வேண்டாம். லேபில் குப்பைக்குப் போகும் காலிக் கேசட்டில் இரண்டு சென்டிமீட்டர் வால் நீட்டிக்கொண்டிருக்கும். அதோடு புது ஃபிலிமை டேப்பால் இரண்டு பக்கமும் ஒட்டிச் சுற்றினால் போதும். ஐந்தாறு முறைக்குப் பிறகு வாயிலுள்ள வெல்வெட்டில் மண் சேர்ந்து ஃபிலிம் முழுக்க நீளக் கோடு விழும். கோடு தெரிந்ததும் தூக்கிப் போட்டுவிட வேண்டும், சுத்தம் செய்ய உட்காரக் கூடாது.

டி-76 கோடக் 1920களில் வெளியிட்ட சூத்திரம். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2. தண்ணீர் 750 மில்லி, 52 டிகிரி. ஒரு சிட்டிகை சல்ஃபைட்டை முதலில் போட்டு அதன்பின் மெட்டால். அது முழுக்கக் கரைந்த பிறகுதான் மீதி சல்ஃபைட். வரிசை மாறினால் அடர்ந்த சல்ஃபைட் கரைசலில் மெட்டால் கரையாமல் வெள்ளைத் துகளாக மிதக்கும். பிறகு ஹைட்ரோகுவினோன், போராக்ஸ், குளிர்ந்த நீர் விட்டு ஒரு லிட்டர். கையுறை கட்டாயம், மெட்டால் சிலருக்குத் தோலில் தடிப்பைக் கொண்டுவரும், ஒருமுறை வந்தால் பிறகு தொட்டாலே வரும்.

பாரிமுனைப் பக்கம் கெமிக்கல் வாங்கப் போகிறவர்கள் லேபிளை எழுத்தெழுத்தாகப் படிக்கவும். சல்ஃபைட் கேட்டால் சல்ஃபேட்டோ மெட்டாபைசல்ஃபைட்டோ கைக்கு வர வாய்ப்பு அதிகம். சல்ஃபேட் போட்டால் டெவலப்பர் சீக்கிரமே பழுப்பாகிச் செத்துப்போகும். மெட்டாபைசல்ஃபைட் அமிலத்தன்மை கொண்டது, டெவலப்பர் வேலையே செய்யாது, ஃபிலிம் வெறுமையாக வரும். நீரற்ற வகைதானா என்பதையும் பார்க்கவும். அளவில் இன்னொரு பொறி: ஹைட்ரோகுவினோன் 500 கிராம் டப்பாதான் கடைக்காரர் நீட்டுவார். லிட்டருக்கு 5 கிராம் என்றால் அது 100 லிட்டருக்கு வரும். 1+1 கலவையில் (ஒரு பங்கு டி-76 ஸ்டாக், ஒரு பங்கு தண்ணீர்) ரோலுக்கு 150 மில்லி ஸ்டாக் என்று வைத்தால் 666 ரோல். அதற்குள் பொடி பழுப்பேறிவிடும்.

300 மில்லியில் ஒரு ரோல் கழுவுவது கொஞ்சம் இறுக்கம்தான். கோடக்கின் கணக்கில் 1+1 கலவை ஒரு ரோலுக்கு 473 மில்லி இருக்க வேண்டும். 237 மில்லியில் கழுவினால் நேரத்தில் 10 சதவீதம் கூட்டச் சொல்கிறார்கள். கூட்டிக்கொண்டால் போதும். ஃபோமா 400இன் வேகம், அதாவது ஐஎஸ்ஓ, பெட்டியில்தான் 400. 200-250 என்று வைத்து எடுத்தால்தான் நிழலில் எதாவது தெரியும்.

காபியில் செய்யும் டெவலப்பரான காஃபினாலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சமையலறைப் பொருள் என்றதும் மலிவு என்ற நினைப்பு பரவலாக இருப்பதால். லிட்டருக்கு நீரற்ற வாஷிங் சோடா 54 கிராம், வைட்டமின் சி 16, இன்ஸ்டன்ட் காபி 40. சிக்கரி கலந்த காபி உதவாது. வேலை செய்வது காபியில் உள்ள அமிலங்கள், சிக்கரி அல்ல. கலப்பில்லாத காபித்தூள் விலையில் 300 மில்லிக்கு மட்டும் ஐம்பது, அறுபது ரூபாய் ஆகிறது. ஒருமுறை ஊற்றிக் கொட்ட வேண்டியதுதான். டி-76இன் நான்கு மடங்கு செலவு, கூடவே வீடு முழுக்க நாற்றம். ஒருமுறை செய்து பார்க்கலாம், அவ்வளவே.

இனி ரீல், டேங்குக்குள் ஃபிலிமைச் சுற்றுச் சுற்றாகத் தாங்கும் சக்கரம். இந்தப் பொழுதுபோக்கில் சந்தோஷத்தை அதிகம் கெடுக்கும் இடம் இதுதான், அதற்குக் காரணம் ஈரப்பதம். பிளாஸ்டிக் ரீலின் வாயில் இரண்டு பக்கமும் சின்ன எஃகு உருண்டைகள் இருக்கும். ரீலின் ஒரு பாதியை முன்னும் பின்னுமாகத் திருப்பத் திருப்ப அவை ஃபிலிமைக் கவ்வி உள்ளே தள்ளும். பையின் இரண்டு கைகளுக்குள்ளும் கையை விட்டு மூன்று நிமிடம் ஆனால் உள்ளே நீராவிக் குளியல். ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சி ஒட்டத் தொடங்கும். இருபதாவது பிரேமை ஒட்டி ஃபிலிம் நின்றுவிடும். அந்த இடத்தில் பலம் காட்டினால் ஓரம் மடங்கும், மடங்கிய இடத்தில் பிறை வடிவக் கறுப்புத் தழும்பு விழும், அல்லது சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி அந்த இடம் கழுவப்படாமலே போகும்.

ரீல் துளி ஈரமில்லாமல் காய்ந்திருக்க வேண்டும். கண்ணுக்கு ஈரம் தெரியாவிட்டாலும் உருண்டைக் குழியில் ஒரு துளி நிற்கும். ஹேர் டிரையர் இரண்டு நிமிடம். ஒரே நாளில் இரண்டாவது ரோல் கழுவ ஆசைப்பட்டால் இரண்டாவது ரீல் வாங்குங்கள், நனைந்த ரீலைத் துடைத்து ஏற்றாதீர்கள். உருண்டைகள் குலுக்கினால் கலகலக்க வேண்டும். கலகலக்கவில்லையென்றால் பழைய வெட்டிங் ஏஜென்ட் (ஃபிலிமில் நீர்த்துளி நிற்காமல் வழியச் செய்யும் திரவம்) பிசின் போலக் காய்ந்திருக்கிறது, வெந்நீரும் பல் துலக்கும் பிரஷும் போதும். இதைத் தவிர்க்க, அலசி முடிந்ததும் ஃபிலிமை ரீலிலிருந்து எடுத்துவிட்டு வெறும் கிண்ணத்தில் வெட்டிங் ஏஜென்ட்டில் முக்கவும். ரீல் அந்தத் திரவத்தைப் பார்க்கவே கூடாது. குழிக்குள் மென்மையான பென்சில் கரியைத் தேய்த்தால் இன்னும் வழுக்கும். ஃபிலிமின் நுனியைத் துளைகளுக்கு நடுவே நேராக வெட்டி, இரண்டு மூலையையும் மிக லேசாக வட்டமாக்கவும். துளையின் மேலேயே வெட்டினால் அந்தப் பல் முதல் சுற்றிலேயே மாட்டும்.

நடுவில் நின்றே விட்டால் ரீலின் இரண்டு பாதியையும் பிரித்து, ஃபிலிமை அப்படியே டேங்கில் போட்டு மூடி, கையை வெளியே எடுத்து ஆறவிடவும். டேங்கின் நடுக்குழாய் உள்ளே இருந்தால்தான் மூடி வெளிச்சத்தைத் தடுக்கும். குழாய் இல்லாமல் மூடினால் 34 பிரேமும் போச்சு.

இதெல்லாம் பைக்குள் செய்வதற்கான பாடு. இரவு எட்டு மணிக்கு மேல் குளியலறையில் கதவிடுக்கில் துண்டைச் செருகி, ஐந்து நிமிடம் இருட்டில் நின்று, விரித்த கை கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அதுவே இருட்டறை. காற்றோட்டம் பையைவிட எவ்வளவோ மேல், கையும் வியர்க்காது. ஆக அந்த 1,500 ரூபாய் பைதான் பட்டியலிலேயே வீண். மாறாக 300 ரூபாய் தெர்மாமீட்டர் ஒவ்வொரு ரோலிலும் தன் விலையைத் திருப்பித் தந்தது.

மே மாத நண்பகலில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் 35 டிகிரி தாண்டும். 20 டிகிரிக்கு இறக்கப் பனிக்கட்டியோடு மல்லுக்கட்டுவதைவிட 24 டிகிரியை இலக்காக வைப்பது மேல். ஒவ்வொரு டிகிரிக்கும் நேரம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும்: உதாரணமாக ஹெச்பி5 ப்ளஸ் ஃபிலிமுக்கு டி-76 1+1இல் 20 டிகிரிக்கு அதைத் தயாரிக்கும் இல்ஃபோர்டு சொல்லும் 11 நிமிடம், 24இல் ஏழரையை ஒட்டி வரும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போக விடாதீர்கள், வானம் திட்டுத்திட்டாக வரும். டெவலப்பர், ஹைப்போ, அலசும் நீர் மூன்றும் ஒரே வெப்பநிலை. இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். மண்பானைத் தண்ணீர் மதுரை, திருச்சி மாதிரி வறண்ட வெயிலுக்கு அருமை; சென்னைப் புழுக்கத்தில் ஆவியாவதே மந்தம் என்பதால் அவ்வளவாகக் குளிராது. அலச ஓடும் தண்ணீர் தேவையில்லை. டேங்கை நிரப்பி 5 தடவை கவிழ்த்துக் கொட்டு, மறுபடி 10, மறுபடி 20. ஒரு லிட்டரில் முடிந்துவிடும். கடைசி முக்கல் மட்டும் டிஸ்டில்ட் வாட்டரில். போர் தண்ணீர் என்றால் உப்புப் புள்ளி நிச்சயம்.

குளிரும் தூசியற்ற காற்றும் ஃபிலிமுக்கு எவ்வளவு முக்கியம் என்பது இந்த ஊரில் கழுவினால்தான் புரியும். 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஊட்டியில் அமைந்ததை அப்போது வியப்பில்லாமல் பார்க்கலாம். அவர்களின் 'இண்டு' ரோல் பழைய ஸ்டுடியோக்களில் எப்போதாவது கிடைத்தால் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்க அதிக விலை கொடுக்க வேண்டாம், பழசானதால் அடிமூட்டம் (ஃபிலிம் முழுக்கப் படரும் மங்கல்) ஏறியிருக்கும்.

சந்தோஷக் கணக்கில் என் மதிப்பெண்: டேங்கைத் திறந்து ஈர ஃபிலிமை வெளிச்சத்தில் பிடிக்கும் நேரம் முதலிடம், அதற்கான செலவு வெறும் 25 ரூபாய். கெமிக்கல் கலப்பது இரண்டாமிடம். ஸ்கேன் கடைசி, தூசி ஊதி, நேராக்கி, நிறம் புரட்டி, ரோலுக்கு ஒன்றரை மணி நேரம், துளி இன்பமில்லை. லைட் பேடுக்குப் போட்ட 1,200ஐ ஃபோட்டோ பேப்பரில் போட்டிருக்கலாம். அதனால் அடுத்து 8க்கு 10 அங்குலப் பேப்பரில் கான்டாக்ட் ஷீட், நெகட்டிவைப் பேப்பரின் மேலேயே வைத்து எடுக்கும் அதே அளவுப் படங்கள்: ஐந்தைந்தாக வெட்டிய ஏழு துண்டு, ஒரு கண்ணாடி, ஒரு பல்பு. படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர் வேண்டாம். சிவப்பு எல்இடி பல்பு பேப்பரைக் கெடுக்கிறதா என்று காசு வைத்துப் பார்க்கும் சோதனை இன்னும் பாக்கி. பேப்பரின் மேல் ஒரு நாணயத்தை ஐந்து நிமிடம் வைத்துக் கழுவினால் வட்டம் தெரியக் கூடாது; பேப்பருக்கு முன்கூட்டியே லேசாக வெளிச்சம் காட்டிவிட்டுச் செய்தால்தான் சோதனை நம்பத்தக்கது.

டெவலப்பரும் மாறப்போகிறது. டி-23க்கு மெட்டால் 7.5 கிராம், சல்ஃபைட் 100, அவ்வளவுதான். மெட்டால் செலவு கிட்டத்தட்ட நான்கு மடங்கு, ஆனால் ஹைட்ரோகுவினோன் டப்பாவே தேவையில்லை. அந்த அரைகிலோவில் இன்னும் 486 கிராம் இருக்கிறது. பங்குக்கு ஆள் கிடைத்தால் 50 கிராமாகப் பிரித்துக் கொடுக்கலாம், நேரில் மட்டும். பெயர் தெரியாத பொடியைக் கூரியரில் அனுப்பி விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.