டாக்ஸ் சீசனுக்கு முன்னால் செக்லிஸ்ட்டைத் திருத்தியபோது

அமெரிக்காவில் தனிநபர் வரி ரிட்டர்ன்கள் போடும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கிளையன்ட்கள் அனுப்ப வேண்டிய தாள்களையும் சொல்ல வேண்டிய பதில்களையும் கேட்கும் எங்கள் செக்லிஸ்ட் பல வருடமாக வளர்ந்துகொண்டே வந்தது. புதிதாக ஒரு சட்டம் வந்தால் ஒரு வரி சேரும். எந்த வரியும் வெளியே போகாது. மாதச் சம்பளத்தைத் தவிர வேறு வருமானமே இல்லாதவரிடமும் பண்ணை வருமானம் உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

2025 ஜூலையில் புதிய வரிச் சட்டம் வந்தது. டிப்ஸ், ஓவர்டைம், கார் கடன் வட்டி, 65 வயது நிறைந்தவர்கள் என்று ஆளாளுக்கு ஒரு வரிக் கழிவு. "இதற்கு இன்னொரு பக்கம் சேர்த்துவிடலாம்" என்றார் எங்கள் சீனியர். சேர்ப்பதற்குப் பதிலாக முழுவதையும் பிரித்து எழுதலாம் என்று கேட்டேன். டிசம்பருக்குள் முடிந்தால் சரி என்றார்.

புதுக் கேள்விகளை எழுத உட்காரவில்லை. முதலில் போன சீசனின் மின்னஞ்சல்களைத் திறந்து, எந்தெந்தத் தாளுக்காக கிளையன்ட்களைத் துரத்தினோம் என்று பார்த்தேன். துரத்திய தாள்களில் பெரும்பாலானவை செக்லிஸ்ட்டில் ஏற்கெனவே இருந்தன. 1095-ஏ ஒரு உதாரணம். "படிவம் 1095-ஏ" என்று எழுதியிருந்தோம். அரசு மார்க்கெட்பிளேஸில் மருத்துவக் காப்பீடு வாங்கியவருக்குத் தன் காப்பீடு தெரியும், மாதப் பிரீமியம் தெரியும், படிவ எண் தெரியாது. இல்லை என்று டிக் அடித்துவிடுவார். பிரீமியத்துக்கு அரசு மானியம் முன்கூட்டியே பெற்றவர், அந்த மானியக் கணக்கைச் சேர்க்காமல் மின்வழியில் அனுப்பினால் ரிட்டர்ன் திரும்பி வந்துவிடும். இப்போது கேள்வி இப்படி இருக்கிறது: "2025இல் எந்த மாதமாவது காப்பீட்டை அரசு மார்க்கெட்பிளேஸ் வழியாக வாங்கினீர்களா? ஆம் என்றால் அந்தத் தளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து 1095-ஏ படிவத்தை இறக்கி அனுப்புங்கள்."

எல்லாக் கேள்விகளையும் இதே மாதிரி மாற்றினோம். முதலில் வாழ்க்கையில் நடந்தது, அப்புறம் தாளின் பெயர். கூடவே, போன வருட ரிட்டர்னில் இருந்த வங்கிகளையும் முதலாளிகளையும் பெயரோடு அச்சடித்தோம். "வட்டி வருமானம்?" என்ற கேள்வியைப் படிக்காமலே தாண்டிவிடுபவர்கள், தங்கள் வங்கியின் பெயரைப் பார்த்தால் நின்று யோசிக்கிறார்கள்.

புதுக் கழிவுகளில் அதிக நேரம் பிடித்தது ஓவர்டைம். ஒன்றரை மடங்கு கூலியில் அந்த அரை மடங்குக்கு மட்டும்தான் கழிவு. மணிக்கு 20 டாலர் வாங்குபவருக்கு ஓவர்டைமில் 30 டாலர் என்றால், கணக்கில் வருவது 10 டாலர்தான். தனிநபருக்கு 12,500 டாலர், கூட்டாகத் தாக்கல் செய்யும் தம்பதிக்கு 25,000 டாலர் உச்சவரம்பு. ஆனால் முதலாளி தரும் வருடச் சம்பளப் படிவமான டபிள்யூ-2இல், 2025க்கு, இந்தத் தொகைக்கென்று தனிப் பெட்டி கிடையாது. அதனால் டிசம்பர் மாதக் கடைசி சம்பளச் சீட்டைக் கேட்டோம். சில சீட்டில் ஓவர்டைம் முழுத்தொகை இருக்கும். ஒன்றரை மடங்கு கூலி என்றால் அதை மூன்றால் வகுக்க வேண்டும். சில சீட்டில் அரைப் பங்கு மட்டும் தனியாக இருக்கும். எது எது என்று கிளையன்ட்டைக் கண்டுபிடிக்கச் சொல்வது நியாயமில்லை. "சீட்டை அப்படியே அனுப்புங்கள், கணக்கு நாங்கள் போடுகிறோம்" என்று மட்டும் எழுதினோம்.

கார் கடனில் வேறு சிக்கல். "கார் கடன் வட்டி கட்டினீர்களா?" என்று கேட்டால் ஊரில் பாதிப் பேர் ஆம் என்பார்கள். கழிவு கிடைப்பதோ புதுக் காருக்கு மட்டும்; 2024 முடிந்தபின் வாங்கிய கடனாக இருக்க வேண்டும், கார் அமெரிக்காவில் இறுதியாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும், லீஸ் கூடாது. ஆகவே முதல் கேள்வி, "2025இல் புத்தம் புதுக் கார் கடனில் வாங்கினீர்களா?" இல்லை என்றால் அடுத்த பகுதிக்குப் போய்விடலாம். ஆம் என்றால் வட்டி விவரமும் காரின் அடையாள எண்ணான, 17 எழுத்தும் இலக்கமும் கொண்ட விஐஎன்னும் வேண்டும். அந்த எண் ரிட்டர்னிலேயே போடப்படுவது. வரைவை எங்கள் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்ணிடம் கொடுத்து, ஒரு கிளையன்ட் மாதிரி பேனாவால் நிரப்பச் சொன்னேன். விஐஎன் கட்டத்தில் அவர் நம்பர் பிளேட் எண்ணை எழுதினார். உடனே பக்கத்தில் ஒரு வரி சேர்ந்தது: "நம்பர் பிளேட் எண் அல்ல, ஓட்டுநர் பக்கம் முன்கண்ணாடிக்குக் கீழே தெரியும், காப்பீட்டு அட்டையிலும் இருக்கும்."

65 வயதுக் கழிவுக்கு ஒரு கேள்விகூட வைக்கவில்லை. பிறந்த தேதி நம்மிடமே இருக்கிறது. தெரிந்ததையே திரும்பக் கேட்கிற படிவத்தின் மேல் யாருக்குமே மரியாதை வராது. இந்தச் சாக்கில் பழைய கேள்விகளிலும் நிறைய வெட்டினேன்.

எங்கள் கிளையன்ட்களில் இந்தியர்கள் கணிசம். இந்திய வங்கிக் கணக்கு பற்றிய கேள்வி எப்போதுமே தகராறுதான். வரைவைக் காட்டியபோது பழைய கிளையன்ட் ஒருவர் கேட்டார்: "தம்பி, எஃப்டி வட்டிக்கு அங்கேயே டிடிஎஸ் பிடிச்சிட்டாங்களே, இங்கே எதுக்குத் திரும்பவும்?" "பிடிச்சதுக்கு இங்கே கிரெடிட் கேட்கலாம் சார், ஆனா வருமானத்தைக் காட்டித்தான் ஆகணும்" என்றேன். "அம்மாவோட ஜாயின்ட் அக்கவுன்ட்? அது அவங்க பணம்." அதற்கும் பதில் வேண்டும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாவற்றின் இருப்பும் சேர்ந்து வருடத்தில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டியிருந்தாலும் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும், கூட்டுக் கணக்கும் அதில் அடக்கம். அவர் கேட்ட இரண்டையும் கிட்டத்தட்ட அவர் சொன்ன மாதிரியே செக்லிஸ்ட்டில் எழுதிவிட்டேன். அந்தப் பகுதிக்கு இந்த வருடம் வந்த பதில்கள் முன்பைவிட எவ்வளவோ முழுமையாக இருந்தன.

அடுத்தது, செக்லிஸ்ட்டோடு போகும் கடிதம். பழைய கடிதம் நன்றியில் தொடங்கி, அலுவலகப் பெருமையில் நடந்து, கடைசிப் பத்தியில் தேதியைச் சொல்லும். புதுக் கடிதத்தின் முதல் வரியே தேதி: மார்ச் 10க்குள் எல்லாத் தாளும் வந்தால் ஏப்ரல் 15க்குள் தாக்கல், அதற்கு மேல் வந்தால் எக்ஸ்டென்ஷன் போடுவோம். கூடவே தடித்த எழுத்தில் ஒன்று. எக்ஸ்டென்ஷன் அக்டோபர் 15 வரை தாக்கலுக்குத்தான் அவகாசம், பணம் கட்டுவதற்கு இல்லை. கூட்டு நிறுவனத்தில் தங்கள் பங்கைக் காட்டும் கே-1 படிவத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு மட்டும் வேறு கடிதம். அது மார்ச் பாதியில்தான் வரும் என்றிருக்கும்போது மார்ச் 10 என்று மிரட்டுவதில் அர்த்தமில்லை. பங்குத் தரகர் அனுப்பும் 1099 என்ற வருமானப் படிவம் திருத்தப்பட்டு மறுபடி வருவது சகஜம் என்பதால், பிப்ரவரியில் முதலில் வந்ததை அனுப்பியபின் மறந்துவிட வேண்டாம் என்று ஒரு வரி.

ரீஃபண்ட் காசோலையை அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் 2025 செப்டம்பர் 30 முதல் படிப்படியாக நிறுத்தத் தொடங்கியது. அதனால் வங்கிக் கணக்கு எண் மாறியிருக்கிறதா என்ற கேள்வி கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு ஏறியது.

எங்கள் வேலைக்கான ஒப்பந்தக் கடிதமான எங்கேஜ்மென்ட் லெட்டரையும் தனியாகப் பிரித்தோம். கையெழுத்துக்கான தாளும் படித்து வேலை செய்யவேண்டிய தாளும் ஒன்றாகப் போனால், கையெழுத்து மட்டும் திரும்பி வருகிறது. கிளையன்ட் விவரங்களை அமெரிக்காவுக்கு வெளியே உள்ளவர்களிடம் கொடுத்து வேலை வாங்கும் அலுவலகங்கள் வரிச் சட்டத்தின் 7216 பிரிவின்படி முன்கூட்டியே எழுத்து மூலம் சம்மதம் வாங்க வேண்டும். அதை எங்கேஜ்மென்ட் லெட்டருக்குள் ஒரு பத்தியாக ஒளித்து வைக்கக் கூடாது, தனித் தாளாகவே இருக்க வேண்டும்.

கடிதத்தைத் தபாலில்தான் முதலில் அனுப்பினோம். "உங்கள் ஆவணங்களைப் பதிவேற்றவும்" என்று திடீரென மின்னஞ்சல் வந்தால், விவரமானவர்கள் அதை மோசடி என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். அவர்கள் செய்வது சரிதானே. எந்த முகவரியிலிருந்து இணைப்பு வரும் என்பதைத் தபாலிலேயே சொல்லிவிட்டோம்.

பிளாஸ்டிக் பையில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஏப்ரலில் வருபவர்கள் இந்த வருடமும் வந்தார்கள். அவர்களை எந்தச் செக்லிஸ்ட்டும் மாற்றாது. மற்றவர்களிடம் போன் போட்டுக் கேட்பது நன்றாகவே குறைந்தது. 2026க்கான டபிள்யூ-2 படிவத்தில் ஓவர்டைமுக்குத் தனிக் குறியீடு வருகிறது. அதனால் சம்பளச் சீட்டு கேட்கும் வரியை வருகிற டிசம்பரில் எடுத்துவிடலாம் என்று குறித்து வைத்திருக்கிறேன்.