தனியா

மாற்றுத்திறனாளி இளைஞன் ஒருவனுக்கு என்ன வேண்டும் என்று அவனையும் வீட்டாரையும் கேட்டு, ஆசிரியையான நான் எழுதிய திட்டப் படிவம் அது. அதில் நான் மாற்றியது ஒரே ஒரு சொல். 'தனியா' என்று அவன் சொன்னதை 'துணையோடு' என்று எழுதினேன். 5 மாதம் ஆகியும் உறுத்தல் போகவில்லை.

"உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டது நான்தான். அதற்குள் சுவரில் ஒட்டிய சார்ட்டில் அம்மாவும் தம்பியும் சொன்னதே முக்கால்வாசி நிறைந்திருந்தது: மாத்திரை நேரம், கவர் ஒட்டும் வேலையில் அவன் வேகம், வலிப்பு வந்தால் யாருக்குப் போன் செய்வது. அவன் எழுந்து நின்றான். டீ கிளாஸின் விளிம்பை இரண்டு விரலால் பிடிப்பது போல் பிடித்து, ஊதிக் காட்டினான். "டீக்கடை. தனியா. பெஞ்சுல."

"ரோட்டைத் தாண்டணும் மேடம். நடுரோட்டுல வலிப்பு வந்தா நீங்க வருவீங்களா?" என்றார் அம்மா.

என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. கடைசியாக வலிப்பு வந்து 11 மாதம் ஆகியிருந்தது. 11 மாதமாக வரவில்லை என்றும் சொல்லலாம், 11 மாதம் முன்புகூட வந்தது என்றும் சொல்லலாம். ராத்திரி எழுந்து எழுந்து அவன் மூச்சைப் பார்ப்பவர் அவர்தான், நான் இல்லை. அதனால்தான் அந்தச் சொல்லை மாற்றினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் இதைப் படித்துவிட்டு வந்தவள் நான். ஒருவருக்கு எது முக்கியம், அவருடைய நலனுக்கு எது முக்கியம், இரண்டையும் பிரித்து எழுதிவிட்டு நடுவில் வழி தேடுங்கள் என்பதுதான், மாற்றுத்திறனாளிகளை மையமாக வைத்துத் திட்டமிடக் கற்றுத்தந்த அமெரிக்கர் மைக்கேல் ஸ்மல் வகுத்த முறை. நான் தேடவே இல்லை. அம்மாவிடம் பாதுகாவலர் சான்றிதழ் இருக்கிறது, அறிவுசார் குறைபாடு போன்றவை உள்ள பெரியவர்களுக்குப் பாதுகாவலர் நியமிக்க வழிசெய்யும் 1999ஆம் வருட நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி வாங்கியது. ஆனால் 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, எந்தச் சட்டத்தில் நியமிக்கப்பட்டவரும் வரம்புக்குட்பட்ட பாதுகாவலர்தான் என்கிறது. அதாவது, சேர்ந்து முடிவெடுக்க வேண்டும், அதுவும் அந்த நபரின் விருப்பப்படி. பெற்றோர் கூட்டத்தில் இதை விளக்கிப் பேசியவளே நான்தான்.

எழுதும்போதுதான் இன்னொன்றைக் கவனிக்கிறேன். 27 வயது ஆளை 'அவன்' என்கிறேன். அவனைவிட 4 வயது இளைய தம்பியைக் கூட்டம் முழுக்க 'சார்' என்று கூப்பிட்டேன். 'அவர்' என்று மாற்றி எழுதிப் பார்த்தேன். டீக்கடைக்கு அவர் துணையோடு செல்வார். படிக்கவே சங்கடமாக இருக்கிறது.

படிவத்தை வாசித்துக் காட்டியபோது அவர் என்னைப் பார்த்து "தனியா" என்றார். "முதல்ல துணையோட போவோம், அப்புறம் தனியா. சரியா?" என்றேன். "சரி மிஸ்." கையெழுத்துப் போட்டார். "சரியா?" என்றால் "சரி" என்று சொல்லச் சின்ன வயதிலிருந்து பழக்கியதே எங்களைப் போன்ற ஆசிரியர்கள்தான். அந்தச் சரியைச் சம்மதம் என்று எப்படி எடுத்துக்கொள்வது? 'எப்போதிலிருந்து' என்ற கட்டத்தில் தேதிகூட எழுதவில்லை. 'பின்னர்' என்று எழுதியிருக்கிறேன்.

செய்திருக்கக் கூடியது ஒன்றும் பெரிய வேலை இல்லை. நான் பின்னால் நின்றபடி, ஒரு மாதம் ரோடு தாண்டிப் பழக்கியிருக்கலாம். கடைக்காரருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாம்: வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கையில் சாவி, இரும்பு எதுவும் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், 5 நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். அன்றைக்கு மணி ஒன்று ஆகிவிட்டது, வெளியே அடுத்த குடும்பம் காத்திருந்தது. அதுவும் உண்மைதான்.

அப்புறம் இரண்டு தடவை தம்பியோடு போய் வந்தார். போன மாதம் அம்மா சந்தோஷமாகச் சொன்னார்: "இப்பல்லாம் டீக்கடைன்னு கேக்குறதே இல்ல மேடம்."

அடுத்த வாரம் மறுஆய்வு. நேற்று சாயங்காலம் அந்தக் கடைக்குப் போய், சாவி விஷயம், 108 எல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இன்னும் தனியாகப் போக ஆசை இருக்கிறதா என்று அவரிடமும் கேட்கவில்லை.