சொட்டு நின்ற சத்தம்: குச்சி செல்லைப் படித்த கதை

முதலாமாண்டு உடலியங்கியல் தேர்வில் நான்கு மதிப்பெண்ணை ஒரே சொல்லில் விட்டேன். மங்கலான வெளிச்சத்தில் நாம் பார்க்க உதவும் விழித்திரையின் குச்சி செல்மேல் ஒளி பட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு, 'செல் தூண்டப்படும்' என்று எழுதிவைத்தேன். நரம்புச் சமாசாரம் என்றால் தூண்டப்படத்தானே வேண்டும் என்ற நினைப்பு. நடப்பதோ நேர்மாறு.

புரிந்தது புத்தகத்தில் அல்ல, தென்னாப்பிரிக்காவின் டர்பனில், எங்கள் சாட்ஸ்வொர்த்தில், லோட் ஷெடிங் (மின்வெட்டு) இரவொன்றில். பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது; அது என் காதில் விழவேயில்லை. ஆயா வந்து இறுக்கி மூடினார். சத்தம் நின்றதும் சட்டென்று திரும்பிப் பார்த்தேன்.

குச்சி செல் செய்வதும் அதேதான். இருட்டில் அதன் சவ்விலுள்ள வாயில்கள் திறந்தே கிடக்கும்; அவற்றைத் திறந்து வைப்பது சைக்ளிக் ஜிஎம்பி என்ற சிறு மூலக்கூறு. சோடியம் உள்ளே வந்தபடி இருக்கும், அடுத்த செல்லுக்குச் செய்தி சொல்லும் குளுட்டமேட் வெளியே சொட்டியபடி இருக்கும். ஒரு ஃபோட்டான் (ஒளித்துகள்) ரொடாப்சின் என்ற ஒளி உணர் புரதத்தில் பட்டதும் அதற்குள் வளைந்திருக்கும் ரெட்டினால் என்ற மூலக்கூறு நிமிர்கிறது. அதனால் டிரான்ஸ்டூசின் என்ற தூதுப் புரதங்கள் பல கிளம்ப, ஒரு நொதி சைக்ளிக் ஜிஎம்பியை ஆயிரக்கணக்கில் சிதைக்க, வாயில்கள் மூடுகின்றன. குளுட்டமேட் குறைகிறது. அந்தக் குறைவுதான் செய்தி. இந்தச் சங்கிலியைக் கடைசியிலிருந்து முதலுக்கு எழுதிப் பாருங்கள். மனப்பாடம் செய்தவர் நடுவில் திணறுவார்.

எண்கள் இரண்டு போதும். தேரையின் ஒற்றைக் குச்சி செல்லில் ஒரு ஃபோட்டானுக்குச் சுமார் 1 பிகோஆம்பியர் (ஆம்பியரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) மின்னோட்டம் குறைவதை 1979-இல் பேய்லர், லாம்ப், யாவ் என்ற ஆய்வாளர்கள் அளந்தார்கள். மனிதருக்கு ஒளி தெரிய 5 முதல் 14 ஃபோட்டான்கள் உறிஞ்சப்பட்டால் போதும் என்று ஹெக்ட் என்ற ஆய்வாளரின் குழு கணித்தது 1942-இல்.

ஒரு பொறி உண்டு. கேள்வியில் 'பூச்சி' என்று இருந்தால் எல்லாம் தலைகீழ்: ஒளி பட்டால் வாயில்கள் திறக்கும். பால்வீதியைப் பார்த்து நேர்கோட்டில் உருண்டை உருட்டும் நம் ஊர்ச் சாணவண்டின் கண் இந்த வகை. அதை ஜோகன்னஸ்பர்க் கோளரங்கத்துக்குள் விட்டுச் சோதித்த ஆய்வு 2013-இல் வந்தது. (தேர்வுக்குத் தேவையில்லை, எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.)

அடுத்த முறை கரண்ட் போனால் போன் டார்ச்சைத் தொடாதீர்கள். அரைமணி நேரம் இருட்டில் இருந்துவிட்டு வெளியே போய், மங்கலான ஒரு நட்சத்திரத்தை நேராகப் பாருங்கள்: மறையும். கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்தால் திரும்பவும் வரும். நேராகப் பார்க்கும்போது ஒளி விழுவது விழித்திரையின் நடுக்குழியில்; அங்கே குச்சி செல்களே கிடையாது. மறுதேர்வில் இதற்கு மட்டும் இரண்டு மதிப்பெண்.