முறுக்கி டேப் சுற்றினால் அது இணைப்பு ஆகிவிடாது

புதிதாக மாட்டிய ஸ்டீரியோ அவ்வப்போது அணைந்து அணைந்து எரிகிறது என்று யாராவது வண்டியைக் கொண்டுவந்தால், நான் ஸ்டீரியோவைத் தொடுவதே இல்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டு, ஒயரும் ஒயரும் சேரும் இடங்களைத்தான் முதலில் தடவிப் பார்ப்பேன். பெரும்பாலும் கையில் பிசுபிசுவென்று ஒட்டும். டேப்பின் பசை வெயிலில் இளகி வழிந்திருக்கும், டேப் நழுவியிருக்கும், உள்ளே முறுக்கி விட்ட செம்பு இழைகள் கறுத்தோ களிம்பேறியோ கிடக்கும்.

வீட்டு ஒயரிங்கில் இருபது வருடம் தாங்கும் வேலைகூடக் காரில் சில மாதங்களில் கைவிட்டுவிடும். சுவருக்குள் இருக்கும் ஒயர் அசையாது. காரில் இருப்பதோ ஓயாமல் அதிர்கிறது. வெயிலில் நிறுத்திய வண்டியின் டேஷ்போர்டு மேற்பரப்பு 70 டிகிரியைத் தாண்டும், இரவில் குளிர்ந்துவிடும். உலோகம் விரிந்து சுருங்கிக்கொண்டே இருப்பதால் வெறுமனே முறுக்கிய முடிச்சு மெல்ல மெல்லத் தளர்கிறது. அதனால்தான் காரைப் பொறுத்தவரை பிடிமானத்தை முதலில் பார்க்கச் சொல்கிறேன். இழுத்தால் வராத இணைப்புதான் கரண்டையும் ஒழுங்காகக் கடத்தும்.

என் முதல் தேர்வு கிரிம்ப், அதாவது டெர்மினல் என்ற சின்ன உலோக முனையின் குழாய்க்குள் ஒயரை நுழைத்து, அழுத்தி நசுக்கிப் பிடிக்க வைப்பது. வண்டிக் கம்பெனிகளே தங்கள் ஒயரிங்கில் பெரும்பாலும் இதைத்தான் செய்கின்றன. ஆனால் கட்டிங் பிளேயரால் ஒரு நசுக்கு நசுக்குவது கிரிம்ப் ஆகாது. ராட்செட் உள்ள கிரிம்பிங் டூல் வேண்டும். முழு அழுத்தம் போய்ச் சேரும் வரை அது வாயைத் திறக்காது. டெர்மினல் ஒயர் அளவுக்குப் பொருந்துவதும் முக்கியம். பிளாஸ்டிக் உறை போட்ட வகையில் சிவப்பு 0.5 முதல் 1.5 சதுர மில்லிமீட்டர் வரை, நீலம் 1.5 முதல் 2.5 வரை, மஞ்சள் 4 முதல் 6 வரை. மெல்லிய ஒயரை மஞ்சளில் திணித்து அழுத்தினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், இழுத்தால் கையோடு வந்துவிடும்.

செய்யும் விதம் இதுதான். குழாய்ப் பகுதியின் நீளத்துக்கு மட்டும் உறையை உரிக்க வேண்டும். உரிக்கும்போது இழை ஒன்று வெட்டுப்பட்டாலும் அந்த முனையை நறுக்கிவிட்டு மறுபடி உரிப்பேன். இழைகள் எல்லாம் உள்ளே போயிருக்கின்றனவா என்று பார்த்து, அழுத்தி, பிறகு நன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும். தயங்கித் தயங்கி இழுப்பதில் பயனில்லை. கழன்று வருவதாக இருந்தால் என் கையிலேயே வரட்டும்.

கிரிம்ப் செய்வதற்கு முன்னால் இழைகளில் ஈயம் பூசும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. உறுதி கூடும் என்று நம்பித்தான் செய்கிறார்கள். நடப்பது நேர்மாறு. ஈயம் மென்மையான உலோகம். அழுத்தத்தில் மெதுவாக நகர்ந்து கொடுத்துவிடும், பிடி தளரும். தயவுசெய்து வேண்டாம்.

அப்படியானால் ஈயத்தை உருக்கி ஒயர்களை ஒட்டும் சால்டரிங் கூடாதா என்று கேட்பீர்கள். கூடும். நன்றாகச் செய்த சால்டர் இணைப்பு அருமையாகவே கடத்தும். சிக்கல் அதன் ஓரத்தில் இருக்கிறது. உருகிய ஈயம் இழைகளுக்கிடையே உறைக்குள்ளும் ஏறிக்கொள்ளும்; அது வரைக்கும் ஒயர் கம்பி மாதிரி விறைத்துவிடும். அதிர்வில் ஒயர் வளையும்போது விறைப்பு முடிகிற அந்த ஒரே புள்ளியில்தான் எல்லா வளைவும் விழுகிறது. இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வரும், வெளியே ஒன்றும் தெரியாது. ஆகவே சால்டர் செய்தால் இணைப்பின் இரண்டு பக்கமும் ஒயரை அசையாமல் டை போட்டுக் கட்டிவிடுங்கள். ரோசின் என்ற பிசின் கலந்த ஈயமே வேண்டும். தண்ணீர்க் குழாய் வேலைக்கான அமில ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்டுவதற்காகத் தடவும் பசை) செம்பையே அரித்துவிடும்.

கம்பெனி ஒயரின் மேல் கவ்வ வைத்து அழுத்தும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் கிளிப்பை நான் பயன்படுத்துவதில்லை. உள்ளே இருக்கும் தகடு உறையை வெட்டிச் செம்பைத் தொட வேண்டும். ஒயர் கொஞ்சம் பெரிதாக இருந்தால் இழைகளையும் சேர்த்து வெட்டும், சிறிதாக இருந்தால் சரியாகத் தொடாது. முடிந்த இடத்தில் எல்லாம் அந்தந்த மாடலுக்கான அடாப்டர் கப்ளர், அதாவது கம்பெனி ஒயரின் முனையில் அப்படியே செருகும் பிளக், வாங்கிவிடுங்கள். கம்பெனி ஒயரில் ஒரு வெட்டுகூட விழாது. மஞ்சள் உறையோடும் மஞ்சள் கப்ளரோடும் வரும் ஏர்பேக் ஒயரில் டெஸ்ட் லேம்பைக்கூட வைக்கக் கூடாது.

இணைப்பை மூடுவதற்கு, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், அதாவது சூடு பட்டால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் குழாய். சூடு காட்டும்போது இரண்டு ஓரத்திலும் பசை மெல்லிய வளையமாகப் பிதுங்கி வரும்; வந்தால் ஈரம் உள்ளே போகாது. ஸ்லீவை முன்கூட்டியே ஒயரில் கோத்து வைத்துக்கொள்ளுங்கள். பல ஒயர்களை இணைக்கும்போது எல்லா இணைப்பும் ஒரே இடத்தில் வராமல் கொஞ்சம் கொஞ்சம் தள்ளி வையுங்கள், இல்லையென்றால் அங்கே ஒரு கட்டி மாதிரி பருத்துப் பேனலுக்குள் அடங்காது.

எர்த்தைத்தான், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பிப் போக வண்டியின் இரும்பு உடலில் கொடுக்கும் இணைப்பைத்தான், பலரும் அலட்சியம் செய்கிறார்கள். பெயின்ட்டின் மேல் வைத்து முடுக்கிய ரிங் டெர்மினல் எர்த்தே இல்லை. பளபளவென்று இரும்பு தெரியும் வரை சுரண்டி, பல் வாஷர் போட்டு முடுக்கி, அப்புறம் துரு ஏறாமல் மேலே பெயின்ட்டோ கிரீஸோ பூச வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். பேட்டரியிலிருந்து நேராக எடுக்கும் ஒயருக்கு ஃப்யூஸ் ஒன்றரை அடிக்குள் இருக்கட்டும். ஃப்யூஸ் காப்பாற்றுவது ஒயரை. அதன் அளவும் ஒயர் தாங்கும் கரண்டை மீறக் கூடாது.

கடைசியாகச் சோதனை. மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்துப் பார்த்துவிட்டு 'எல்லாம் ஓகே' என்பது போதாது. ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். 20 ஆம்பியர் இழுக்கும் ஆம்ப்ளிஃபையர் பாதையில் ஓர் இணைப்பில் வெறும் 0.05 ஓம் தடை இருந்தால் போதும், 1 வோல்ட் அங்கேயே தொலையும், 20 வாட் சூடு அந்தச் சின்ன இடத்தில் இறங்கும். 0.05 ஓமைச் சாதாரண மீட்டரின் ஓம் அளவையில் நம்பிப் பார்க்க முடியாது. அதனால் கருவியை முழுச் சுமையில் ஓடவிட்டு, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, இணைப்புக்கு இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை வைத்துப் பார்ப்பேன். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அதை வெட்டிவிட்டு மறுபடி செய்வேன். எர்த் பக்கத்துக்கும் இதே சோதனைதான், பேட்டரி நெகட்டிவிலிருந்து கருவியின் எர்த் ஒயர் வரை. இதெல்லாம் பேனலை மாட்டுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். மாட்டிய பேனலைத் திரும்பத் திரும்பக் கழற்றினால் கிளிப்புகள் உடையும், பிறகு டேஷ்போர்டு கடகடவென்று சத்தம் போட ஆரம்பிக்கும்.