கண்ணுக்குள் ஒரு பாவை

இங்கிலாந்தில், லீட்ஸ் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது என் மகளுக்கு நாலு வயசு. 2024 மார்ச் 11 முதல் விசாவுக்கு விண்ணப்பித்த பராமரிப்புப் பணியாளர்கள் கணவனையோ பிள்ளையையோ கூட்டிவர முடியாது. என் விண்ணப்பம் அந்தத் தேதிக்குப் பிறகுதான் போனது. பிள்ளை நாகர்கோவிலில் என் அம்மாவிடம் வளர்கிறாள்.

இங்கே முதலில் பழகிய வார்த்தை 'லவ்'. யார்க்ஷயரில் பஸ் ஓட்டுநர் முதல் கடைக்காரர் வரை யாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எங்கள் ஊரில் யார் வீட்டுப் பிள்ளையானாலும் 'மக்களே' என்போமே, அது மாதிரி. ஆனால் மனசில் தங்கிப்போனது வேறொரு சொல்.

நான் பார்த்துக்கொண்ட 93 வயதுப் பாட்டியின் மேசையில் கொள்ளுப்பேரன் படம் இருக்கும். ஒருநாள் தலைவாரி விடும்போது அதைக் காட்டி, "ஆப்பிள் ஆஃப் மை ஐ" (என் கண்ணின் ஆப்பிள்) என்றார். அவருக்குக் கண் அழுத்த நோய் உண்டு. கண்ணில் ஏதோ செய்கிறது போலிருக்கிறது என்று பதறிக் குனிந்து பார்த்தேன். அவர் என் கன்னத்தைத் தட்டி, படத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக் காட்டினார். சரி, செல்லப்பிள்ளை என்கிறார். ஆனால் கண்ணுக்குள் ஆப்பிள் எப்படி வந்தது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்துச் சர்ச்சிலிருந்து ஒருவர் வந்து, 1611ஆம் ஆண்டு ஆங்கில பைபிள் மொழிபெயர்ப்பிலிருந்து 17ஆம் சங்கீதம் வாசித்தார். எட்டாம் வசனத்தில் அதே ஆப்பிள். எனக்கோ அது மனப்பாடமான வசனம்: "கண்மணியைப்போல என்னைக் காத்தருளும்." சின்ன வயசிலிருந்து ராத்திரி ஜெபத்தில் சொல்லி வந்தது, மகளுக்கும் சொல்லிக் கொடுத்தது. அவர்களுடைய ஆப்பிள்தான் நம் கண்மணி!

அன்றைக்கே தேடிப் படித்தேன். பழைய ஆங்கிலத்தில் கருமணிக்குப் பெயரே ஆப்பிள்தான். அது உருண்டையான கெட்டிப் பொருள் என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆல்ஃபிரட் மன்னர், போப் கிரெகரியின் நூலை மொழிபெயர்த்தபோதே அந்தச் சொல்லை எழுதியிருக்கிறார். ஷேக்ஸ்பியரின் 'எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்' நாடகத்தில், தூங்குகிறவன் கண்ணில் பூச்சாற்றைப் பிழியும் ஓபரான், அது கண்ணின் ஆப்பிளுக்குள் இறங்கட்டும் என்கிறான். உடம்பிலேயே பொத்திப் பொத்திக் காக்கிற இடம் அது. உயிருக்கு உயிரானவரையும் அந்தப் பெயராலேயே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

ஆனால் அந்தச் சங்கீதத்தின் எபிரேய மூலத்தில் பழமே இல்லை. அங்கே கருமணிக்குச் சொல் 'ஈஷோன்'. குட்டி மனிதன் என்று பொருள் சொல்கிறார்கள். லத்தீனில் 'பூபில்லா', சின்னப் பொம்மை. தமிழில் பாவை, பொம்மையும் அதுதான், கண்ணுக்குள் தெரிவதும் அதுதான். ஒருவர் கண்ணுக்கு மிகக் கிட்டே போனால் அதில் நம் உருவம் குட்டியாகத் தெரியும். மூன்று மொழிக்காரர்களும் யாரையோ அவ்வளவு கிட்டத்தில் பார்த்திருக்கிறார்கள். வள்ளுவரின் காதலனோ அந்தப் பாவையைப் போகவே சொல்கிறான்:

கருமணியிற் பாவாய்நீ போதாயாம் வீழும்
திருநுதற்கு இல்லை இடம்.

நான் விரும்புகிறவள் இருக்க என் கண்ணில் இடம் போதவில்லை, நீ கிளம்பு என்கிறான். இதைவிட அழகாக யாரும் சொல்லிவிட்டதாக எனக்குத் தெரியவில்லை.

மருந்து கொடுக்கும் பயிற்சி முடிந்தபின், பாட்டிக்கு ராத்திரி சொட்டு மருந்து விடும் வேலை எனக்கு வந்தது. கீழ் இமையை மெல்ல இழுத்துப் பிடித்தேன். வெளிறிய நீலத்துக்கு நடுவே கறுப்பு வட்டம். அதற்குள் விளக்கு வெளிச்சத்தோடு யூனிஃபார்மில் நான், எள்ளளவு. சொட்டு விழுந்ததும் கலங்கிப் போனேன். அவர் இமையை மூடிக்கொண்டு, "தேங்க் யூ, லவ்" என்றார்.

ராத்திரி இரண்டு மணிக்கு, இடைவேளையில் ஊருக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே காலை ஏழரை, தலை பின்னும் நேரம். "மக்களே, கண்ண போன் கிட்ட கொண்டு வா" என்றேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் ஒட்ட வைத்தாள். திரை முழுக்க அவள் கண். மங்கலாக இருந்தது. கருமணி நடுவில் போன் வெளிச்சம் ஒரு வெள்ளைக் கட்டமாய்த் தெரிந்தது. அதற்குள் என் முகம் இருக்கிறதா என்று பார்ப்பதற்குள் வேன் ஹாரன் கேட்டது, அம்மா போனை வாங்கிவிட்டார்.